சீலுக்கும் சனத்துக்கும் நடுவில்

எனக்கும் சீல்களுக்கும் உள்ள தொடர்பு நான் வாங்கிய ஏச்சில் தொடங்கியது.

ஒரு கோடை விடுமுறைக்கு நானும் கணவரும் மொன்றியலிலிருந்து வடகிழக்காகக் கார் ஓடி, ஆறு கடலைப்போல விரிகிற இடத்துக்குப் போயிருந்தோம். கரையோரப் பாறையில் ஒரு சீல் படுத்திருந்தது. கடல்நாய் என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் சீல்தான். நான் கையிலிருந்த பாண் ரொட்டியைப் பிய்த்து எறிந்துகொண்டே, படம் எடுக்கக் கிட்டப் போனேன். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஓர் இளம்பெண் ஓடிவந்து பிரெஞ்சில் என்னை ஏசினாள். அது இளைப்பாற வந்திருக்கிறது, நீ போனால் பயந்து தண்ணீரில் குதிக்கும், உனக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காக அது களைத்த உடம்போடு நீந்தவேண்டுமா என்று கேட்டாள்.

படம் எடுக்காமலே திரும்பினேன். பிழை விட்டால் அந்த விஷயத்தை முழுசாகப் படித்து முடிக்காமல் எனக்கு நித்திரை வராது. வீடு திரும்பியதும், அந்தப் பெண் வேலை செய்த அமைப்பைத் தேடிப் பிடித்துத் தொண்டராகச் சேர்ந்தேன்.

சீலைக் காப்பாற்றுவது என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று நினைத்திருந்தேன். அதைத் தொடவே கூடாது என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். வழிதவறி மொன்றியல்வரை வந்துவிடும் சீல்கள் எங்காவது கரையேறிப் படுத்துவிடும். அவற்றுக்கும் சனத்துக்கும் நடுவில் போய் நிற்பதே எங்கள் வேலை. நாய்களைக் கட்டச் சொல்லவேண்டும், வாளியில் மீன் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும், பாவம் பார்த்துப் போர்வை போர்த்த வருகிறவர்களையும் மறிக்கவேண்டும். கார்டெரி என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில், மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில், நான் நெடுங்காலமாகச் சமைக்கிறேன். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று ஒரு பட்டாளத்தையே சூட்டு அடுப்பிலிருந்து தள்ளி வைத்துப் பழகியவளுக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

அமைப்பில் பழகியவர்கள்தான் சீல் வேட்டையைப் பற்றி எனக்குச் சொன்னார்கள். வசந்தம் தொடங்க, கிழக்குக் கடலின் பனிப்பாளங்களுக்குப் படகுகள் போகின்றன. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளைச் சுட்டும் அடித்தும் கொன்று தோலை விற்கிறார்கள். காணொளி ஒன்றைப் பாதிவரை பார்த்தேன். அடுத்த மாதமே நகர மத்தியில், மீன்பிடிக்குப் பொறுப்பான ஓர் அரச அலுவலகத்தின் முன் எதிர்ப்புப் பதாகையோடு நின்றேன். எல்லோரும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். நான் கீழே தமிழிலும் ஒரு வரி சேர்த்திருந்தேன். வாசிக்க யாரும் இல்லாவிட்டாலும் அது என் பதாகை என்று எனக்குத் தெரியவேண்டும்.

வீட்டில் அது சண்டையில் முடிந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவர். அவருடைய தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். நாட்டில் சண்டை நடந்த காலத்தில் மீன்பிடிக்கத் தடை வந்து, வள்ளங்கள் மணலில் காய, அந்தக் குடும்பம் பட்டினி கிடந்ததை அனுபவித்தவர். இங்கே தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் திருத்துகிறார். அன்று சாப்பாட்டு மேசையில் பதாகையைப் பார்த்தவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நீர் ஆருக்கு எதிரா நிக்கிறீர் எண்டு தெரியுமோ? அதுகளும் கடலுக்குப் போற சனம்."

"குட்டியளை அடிச்சுத் தோலை உரிக்கிறது தொழிலோ?"

"நாங்கள் மீனைப் பிடிச்சுத் தடவிப்போட்டு விட்டனாங்களோ? தொழிலை நிப்பாட்டச் சொல்லுறது லேசு. நிப்பாட்டினாப் பிறகு அதுகள் என்னத்தைத் தின்னும்? அதையும் உந்த மட்டையில எழுதும்."

எனக்குக் கோபம் வந்தது. பதாகையை எடுத்துக்கொண்டுபோய் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

இரண்டாவது முறை பதாகை பிடித்தபோது ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். என் வயது இருக்கும். வடக்கே பனிப்பிரதேசத்து இனுயிட் இனத்தவள், சிகிச்சைக்காக மொன்றியல் வந்தவள் என்று பிறகு தெரிந்தது. என் கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை வாங்கி, குளிரில் நின்றபடியே முழுவதும் வாசித்தாள்.

"சீல் வேட்டையை நிறுத்து என்று எழுதியிருக்கிறாய்," என்றாள் ஆங்கிலத்தில். "நான் சீல் இறைச்சி தின்று வளர்ந்தவள். என் அம்மா அதன் தோலில்தான் எங்களுக்குச் சப்பாத்து தைத்தார். எங்கள் ஊருக்குக் கோழியும் மரக்கறியும் விமானத்தில்தான் வரவேண்டும். உன்னைப்போல ஆட்கள் கத்தியதில் எங்கள் தோலையும் வாங்க ஆள் இல்லாமல் போனது. எங்களிடம் யாராவது கேட்டீர்களா?"

அந்த வேட்டை வேறு, உங்களுடையது வேறு என்று சொன்னேன்.

"அது உனக்குத் தெரியும். இந்தக் கடதாசிக்குத் தெரியவில்லையே," என்று பிரசுரத்தைத் திருப்பித் தந்தாள்.

அவள் சொன்னது சரி. சரியென்று பட்டதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, பிரசுரத்தை மாற்றவேண்டும் என்றேன். நாங்கள் எதிர்ப்பது தோல் வியாபாரத்துக்காகக் குட்டிகளைக் கொல்லும் வேட்டையை. தங்கள் சாப்பாட்டுக்காக வேட்டையாடும் வடக்கு மக்களை அல்ல. இது முதல் வரியிலேயே இருக்கவேண்டும் என்றேன். முதல் வரி நீண்டால் சனம் வாசிக்காது என்று ஒருவர் சொன்னார். வாசிக்கிற அளவுக்கு நன்றாக எழுதுவோம் என்று சொல்லி நானே எழுதினேன். என் பிரெஞ்சில் பிழை இருந்தது. திருத்தினார்கள். வரியை எடுக்க மட்டும் நான் விடவில்லை.

அடுத்த ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை காலை அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மொன்றியல் தீவின் கிழக்கு முனையில், படகு இறக்கும் சரிவில் ஓர் இளம் சீல் கிடக்கிறது, கழுத்தில் வலை, தானும் மிருக வைத்தியரும் வந்துசேர மதியமாகும், அதுவரை சனத்தைத் தள்ளி வைக்க முடியுமா?

பஸ் பிடித்துப் போக நேரமில்லை. கணவர் என் முகத்தைப் பார்க்காமல், கொக்கியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தார். சரிவுக்குக் கிட்ட நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

சீல் நனைந்த மூட்டைபோலக் கிடந்தது. கழுத்தைச் சுற்றி வலை இறுகி, மயிர் உரிந்து, சிவப்பாகத் தெரிந்தது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நடந்தேன். "ரெகுலே, சில் வூ ப்ளே! பின்னால போங்கோ!" எந்த மொழி வேலை செய்ததோ தெரியாது, எல்லோரும் நகர்ந்தார்கள். இருவர் மட்டும் நின்றார்கள். சென்னையிலிருந்து படிக்க வந்த பெண்கள்.

"ஆன்ட்டி, அது மூச்சு விடவே கஷ்டப்படுது. தண்ணியில தள்ளி விட்டுடலாமா?" என்றாள் ஒருத்தி. அழுகிற குரல்.

"வேண்டாம் பிள்ளை. தண்ணிக்குள்ள போனா வலை வெட்ட ஏலாது. கரையில கிடக்கிறதுதான் அதுக்கு நல்லது."

"அப்போ நாங்க என்ன பண்றது?"

"அந்தப் பக்கத்தால நாயளோட ஆரும் வராமப் பாருங்கோ."

மதியம்வரை அவர்கள் இருவரும் நகரவில்லை. நாய் கொண்டு வந்தவர்களை அவர்கள் ஆங்கிலத்தில் மறித்த விதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

ஒருங்கிணைப்பாளரோடு வைத்தியர் வந்தார். நீண்ட தடியின் நுனியில் வளைந்த கத்தி. ஒரு பலகையால் சீலின் வாயை மறித்துக்கொண்டு, கழுத்தருகே வலையில் கொளுவி இழுத்தார். வலை இன்னும் இறுகியது. சீல் பலகையைக் கடித்துக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தம் கைக்குழந்தையின் சத்தம்.

கார்க் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. கணவர் என் பின்னால் வந்து நின்றார்.

"கண்ணியை இழுக்க வேண்டாமெண்டு சொல்லும். அது தங்கூசி வலை, இழுக்க இழுக்க உள்ளுக்க போகும். மேல ஒரு தடிச்ச கயிறு ஓடுது பாரும், அதை முதல் வெட்டச் சொல்லும்."

பிரெஞ்சில் தங்கூசிக்கு என்ன சொல்வது? மெல்லிய நைலோன் நூல் என்று சொல்லிச் சமாளித்தேன். வைத்தியர் திரும்பிப் பார்த்து, அவரைக் கிட்ட வரச் சொன்னார். கணவர் குந்தியிருந்து விரலால் காட்டினார்: இதிலே ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. முதல் வெட்டில் வலை நெகிழ்ந்தது. இரண்டாவதில் கழன்று கொங்கிறீற்றில் விழுந்தது. சீல் இரண்டு முழம் ஊர்ந்துபோய், தலையைப் போட்டு நித்திரையானது.

தூரத்தில் நின்றவர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். நான் விரலை வாயில் வைத்து அடக்கினேன்.

மறுநாள் காலை திரும்பக் காவலுக்குப் போனேன். வெயில் ஏறிய பிறகு சீல் தானாகவே சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போனது. ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்களைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன். ஆற்றைப் பார்த்திருக்கும்.

அன்று பின்னேரம் கணவர் தேத்தண்ணியோடு என் முன்னால் வந்து அமர்ந்தார். "நேற்றையான் வலை மீனுக்குப் போட்டது. ஒருத்தரும் சீலுக்கு எண்டு விரிக்கேல்லை."

"ஓம், தெரியும்."

"எண்டாலும் பாக்க ஏலாமத்தான் இருந்தது." மேசையில் கிடந்த பிரசுரத்தைத் தன் பக்கம் இழுத்தார். "உம்மட கடதாசியில அந்தத் தொழில்காரருக்கு எண்டு ஒரு வரி போட்டா என்ன? வேட்டையை விடுறவனுக்கு அரசாங்கம் வேற தொழிலுக்கு வழி செய்யவேணும் எண்டு."

போன வருடம் இதே மேசையில் அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கொண்டு வந்திருந்தார். பேனையை எடுத்துக் கொடுத்தேன். அவர் தமிழில் எழுதினார், நான் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனேன். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வேட்டைக்காரருக்காகவா நாங்கள் போராடுகிறோம் என்று கேட்டார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் இது முடியும் என்றேன். வாக்கெடுப்பில் வரி நின்றது.

வேட்டை நிற்கவில்லை. படகுகள் இன்னும் போகின்றன. ஆனால் இந்த வசந்தத்தில் அந்த அரச அலுவலகத்தின் அதிகாரி ஒருவர் முதன்முறையாக எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்திப் பேசினார். எங்கள் பிரசுரத்தில் அவர் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தது கணவரின் வரிக்குக் கீழே. செலவு, காலம், எத்தனை குடும்பம் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

கணவர் இன்னும் பதாகை பிடிக்க வருவதில்லை. அது தன் வேலை இல்லை என்கிறார். சீல் கரையேறியிருக்கிறது என்று தொலைபேசி வந்தால் மட்டும், நான் மேலங்கியைத் தேடி எடுப்பதற்குள் கார் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்.