உத்தரவு நம்பர் என்ன சார்?

போன வாரம் என் மகள் ஆபீசிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"டீம் பில்டிங்மா."

விஷயம் இதுதான். தஞ்சாவூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஊழியர்களுக்குள் உறவு சரியில்லை என்று யாரோ கண்டுபிடித்து, சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் ஓட்டல் ஹாலில் எல்லாரையும் ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயச் சொன்னாராம். பின்னால் நிற்பவர் தாங்கிக்கொள்வார். நம்பிக்கை வளரும். என் மகளுக்குப் பின்னால் நின்றவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது.

சிரித்தேன். அப்புறம் தைலம் தேய்த்துவிட்டேன். நாற்பத்தைந்து வயசில் விழுந்தால் சும்மாவா?

தேய்க்கும்போது கேட்டாள். "உன் காலத்துல இதெல்லாம் இல்லையேம்மா. நீங்கள்லாம் எப்படி ஒத்துமையா இருந்தீங்க?"

ஒற்றுமையா? நாங்களா?

கூட வேலை செய்கிறவர்களோடு எப்படிப் பழகுவது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு மேசையைத் தூக்கி. அதுவும் நன்றாகத் திட்டு வாங்கிய பிறகு. அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவாரூர் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ். நான் ஒரத்தநாட்டிலிருந்து போன டைப்பிஸ்ட். வயது இருபத்திரண்டு. ஆபீசில் நான் ஒருத்திதான் பெண்.

அப்போது தஞ்சை ஜில்லாவில் நிலம் என்றாலே சண்டை. வயலில் ஒரு கொடி, வரப்பில் இன்னொரு கொடி. அறுப்பு நேரத்தில் போலீஸ் வேன் களத்துமேட்டில் வந்து நிற்கும். புது ஆட்சி, புதுச் சட்டங்கள். யார் நிலத்தை யார் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர் ஏறிவிட்டால் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால்... அடுத்த நடவுக்கு அவர் அந்த வயலில் இறங்குவாரா என்பதே சந்தேகம்.

அந்தப் பதிவேட்டை எழுத எங்கள் ஆபீசுக்கு வந்தவர் பக்கிரிசாமி.

என்னைவிட மூன்று வயது பெரியவர். ஒல்லியான ஆள். சலவைச் சட்டை, கக்கத்தில் குடை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பண்ணையாட்கள். அவர்கள் தெருவிலிருந்து பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். ஆபீசில் மற்ற கிளார்க்குகளை எல்லாம் நான் 'சார்' என்பேன். இவரை மட்டும் 'பக்கிரிசாமி'. ஏன்? அந்தக் கேள்வியே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேலையில் கெட்டிக்காரர். மனுவோடு வருகிற குத்தகைதாரரிடம் நாலு கேள்வி கேட்பார். எந்த வாய்க்கால் பாசனம்? மேல வயல் யாருது? போன தை மாசம் யார் வந்து அறுத்தது? நிஜமாக உழுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொய் மனு என்றால் இரண்டாவது கேள்வியிலேயே முழி பிதுங்கும்.

ஒரு நாள் காலை பெரிய மிராசுதார் ஒருவர் வந்தார். அவருடைய நிலத்தில் குத்தகை உரிமை கேட்டுப் பதினோரு பேர் மனு கொடுத்திருந்தார்கள். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நேராக ஹெட்கிளார்க் வைத்தியலிங்கத்திடம் போனார். ஹெட்கிளார்க் எழுந்து நின்று, "பதிவு செக்‌ஷன் அங்க இருக்குங்க," என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

ஜன்னலோரம் பக்கிரிசாமி.

மிராசுதாருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது நம்ம அஞ்சலை மவன்ல? எங்க வயல்ல நாத்து நட்டவ மவன் உக்காந்திருப்பான், நான் எதிர்ல நின்னு பதில் சொல்லணுமா?"

குரலை உயர்த்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். பக்கிரிசாமியும் நிதானமாக எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நிக்க வேணாங்க. உக்காந்தே சொல்லலாம்."

மிராசுதார் உட்காரவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. மேசை, நாற்காலி எல்லாம் பின்கட்டில் இருந்த ரிகார்டு ரூமுக்குப் போய்விட்டன. பியூன் காதர் பாய் என் முகத்தைப் பார்க்காமல், "ஹெட்கிளார்க் சொன்னாரும்மா... தூக்கிட்டேன்," என்றார்.

பத்து மணிக்குப் பக்கிரிசாமி வந்தார். காலி இடத்தைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார், ஒவ்வொருவராக. ஹெட்கிளார்க் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பின்னாடி உமக்கு வசதியா இருக்கும். சத்தமில்ல," என்றார்.

நான் என்ன செய்தேன்? மெஷினில் காகிதத்தைச் சொருகி, படபடவென்று அடித்தேன். என்ன அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பயம்தான். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் ஆறு மா நிலம், சுமார் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு விட்டிருந்தோம். பக்கிரிசாமி மாதிரி ஒருவர் ஒரத்தநாட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் எங்கள் அப்பாவுக்குச் சோறு இறங்காது. எனக்குள்ளும் ஏதோ ஒரு மூலையில் 'கொஞ்சம் அடங்கட்டுமே' என்று இருந்திருக்கும். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மனசு உறுத்தியது. மூன்றாம் நாள் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரிகார்டு ரூமுக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. கூரைவரை பழைய அடங்கல் கணக்குக் கட்டுகள். ஒரே ஒரு குண்டு பல்பு.

"என்னம்மா?" என்றார் பக்கிரிசாமி.

"சும்மாதான். உங்ககூட சாப்பிடலாம்னு..."

அவர் தன் டிபன் பாக்ஸை மூடினார்.

"இது ஆஸ்பத்திரி இல்லீங்க, வந்து பாத்துட்டுப் போறதுக்கு."

நான் நின்றேன்.

"அன்னைக்குக் காலையில நீங்களும் அங்கதான இருந்தீங்க? ஏன் மேசைய எடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்ப தயிர்சாதம் எடுத்துட்டு வர்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்ய வந்தவளுக்கு இந்தப் பேச்சா? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான் என்னங்க பண்ண முடியும்? நான் வெறும் டைப்பிஸ்ட்."

"என் இடம் போனது கிடக்கட்டும். மூணு நாளா மனு சம்பந்தமா வர்றவங்கள, ஆள் இல்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்புறாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள அந்தப் பதினோரு பேரும் வாக்குமூலம் குடுக்கலன்னா மனு தள்ளுபடி. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. மேசையைப் பின்னால் தள்ளியது ஒருவருடைய கௌரவத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். பதினோரு குடும்பத்தின் வயலையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அப்புறம் அவரே கேட்டார். "மேசைய மாத்தச் சொல்லி தாசில்தார் உத்தரவு போட்டாரா?"

"இல்ல."

"அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"இந்த ஆபீஸ்ல எந்த உத்தரவா இருந்தாலும் என் மெஷின்ல அடிச்சுத்தான் வெளிய வரணும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

பக்கிரிசாமி டிபன் பாக்ஸைத் திறந்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். "வெறும் டைப்பிஸ்ட்டுன்னீங்க," என்றார்.

அன்று மதியமே அடித்தேன். மூன்று வரிக் குறிப்பு. பதிவுப் பிரிவின் மேசை இடம் மாற்றப்பட்டுள்ளது, அதற்கான உத்தரவு எண்ணைக் கோப்பில் சேர்க்க வேண்டும், தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கீழே என் கையெழுத்து.

கூட யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு கிளார்க், வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது என்றார். இன்னொருவர் பல்வலி என்றார். பல்வலிக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தமோ...

காதர் பாய் மட்டும், "எங்க போடணும்?" என்று கேட்டார்.

"பாய், உங்களுக்குப் பிரச்சினை வரும்."

"மேசையத் தூக்குன கை இதுதாம்மா. இதுவே போடட்டும்."

ஒரு பிரதியைத் தாசில்தார் தபால் தட்டில் வைத்தேன். இன்னொன்றை ஹெட்கிளார்க்கிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் சொல்லி அடிச்சே?"

"யாரும் சொல்லல சார். உத்தரவு நம்பர் என்ன சார்?"

"வாயால சொன்னா உத்தரவு இல்லியா?"

"யார் வாயால சார்?"

பல்வலிக்காரர்கூடக் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வேதாரண்யத்துக்கு மாத்திடுவேன். உப்பளத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"மாத்துங்க சார். அதையாவது எழுத்துல குடுங்க."



திரும்பிப் பார்த்தால் ரிகார்டு ரூம் வாசலில் பக்கிரிசாமி. எல்லாம் கேட்டிருக்கிறார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கை புடிக்கிறீங்களா?" என்றார்.

தேக்கு மேசை. என்ன கனம் கனத்தது தெரியுமா? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். காதர் பாய் நாற்காலியோடு பின்னால் வந்தார். வழியில் ஹெட்கிளார்க்கின் நாற்காலி. மேசை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றார் பக்கிரிசாமி.

ஹெட்கிளார்க் அசையவில்லை. நாங்களும் மேசையைக் கீழே வைக்கவில்லை. எனக்குக் கை விண்விண்ணென்று தெறித்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ... கடைசியில் நாற்காலி கீச்சென்று ஒரு முழம் நகர்ந்தது.

அந்தச் சத்தத்துக்குத் தாசில்தார் ரூமிலிருந்து வெளியே வந்தார். கையில் என் குறிப்பு. மேசையையும் எங்களையும் பார்த்தார். ஹெட்கிளார்க் பக்கம் திரும்பினார்.

"நான் ஏதாவது உத்தரவு போட்டேனா?"

"இல்லீங்க சார். மிராசுதார் மனசு வருத்தப்பட்டாருன்னு..."

"அப்ப எங்க இருந்துச்சோ அங்கயே போடுங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் ஒன்றும் நியாயவான் இல்லை. கோப்பில் ஒரு கேள்வி ஏறிவிட்டது. நாளைக்கு மேலதிகாரி யாராவது அதைப் படிப்பார்கள் என்ற பயம். பரவாயில்லை. அதுவரை எங்களுக்கு மட்டும் இருந்த பயம் அவருக்கும் கொஞ்சம் வந்ததே!

வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். நாலு பேர் வரவே இல்லை. பயந்தார்களா, தடுத்தார்களா தெரியாது. அந்த ஏழு பெயரும் பதிவேட்டில் ஏறின. இந்த நாலு பேரை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்த இரண்டு நாள் ஞாபகம் வரும் — நான் 'பொறுத்த' இரண்டு நாள்.

இனி நானும் பக்கிரிசாமியும் நல்ல சிநேகிதர்கள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். கையில் நான் அடித்த ஒரு பட்டியல்.

"இதையும் பாத்துடுங்க."

பார்த்தேன். பிழை ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். நிலச் சொந்தக்காரர்கள் பெயருக்கு முன்னால் எல்லாம் 'திரு'. குத்தகைதாரர்கள் பெயர் மொட்டையாக: மாரிமுத்து, தங்கராசு, காத்தான். சர்க்கார் காகிதத்தில் 'ஸ்ரீ' போய் 'திரு' வந்திருந்த காலம் அது. எல்லாருக்கும் பெருமை. ஆனால் அந்தத் திரு யார் யாருக்கு? மாதக்கணக்காக என் விரல்தான் அதை முடிவு செய்துகொண்டிருந்தது.

"முன்னாடியே இருந்த வழக்கம்தானே," என்றேன்.

"எல்லாமே வழக்கம்தாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்காக மேசையத் தூக்குனேன், ஹெட்கிளார்க்கைப் பகைச்சுக்கிட்டேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"எனக்காகவா தூக்குனீங்க?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஆபீசு ஒழுங்கா நடக்கணும்னு தூக்குனீங்கன்னுல்ல நெனச்சேன்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து பட்டியலை முதலிலிருந்து அடித்தேன். எல்லாப் பெயருக்கும் திரு. இரண்டு பெண்களுக்குத் திருமதி. ஹெட்கிளார்க் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். அப்படியே மறுபடி அடித்து வைத்தேன். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை, சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொண்டுபோய்ப் பக்கிரிசாமியிடம் கொடுத்தேன். "சரியா இருக்கா பாருங்க சார்." அந்த 'சார்' தானாக வந்துவிட்டது.

அவர் நிதானமாகப் படித்தார். "ரெண்டாம் பக்கத்துல ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப்போச்சு," என்றார்.

மனிதர் அப்படித்தான். கடைசிவரை மாறவில்லை.

ஆறு மாதத்தில் எனக்கு வேதாரண்யம் மாற்றல் வந்தது. போனேன். உப்புக் காற்று ஒன்றும் என்னைக் கரைத்துவிடவில்லை. அவரை வேலையில் நிரந்தரமாக்காமல் ஒரு வருடம் இழுத்தடித்தார்கள். அதையும் எழுதிக் கேட்டு எழுதிக் கேட்டு வாங்கினார். என் கல்யாணத்துக்கு வந்தபோது எங்கள் அப்பா முகம் கொடுக்கவில்லை. நானே முதல் பந்தியில் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். எங்கள் ஆறு மா நிலத்தில் குத்தகைதாரர் பெயர் ஏறியது. நான் அதைத் தடுக்கவில்லை என்று அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அது வேறு சண்டை.

எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள், சேர்ந்து சுற்றுலா போவார்கள், போட்டோவில் தோள்மேல் கை போட்டுக்கொள்வார்கள். நல்லதுதான். ஆனால் என் தப்பை என் முகத்துக்கு நேராக, என்னிடம் பயமில்லாமல் சொன்ன அந்த ஆள்தான் நான் சம்பாதித்த நல்ல சக ஊழியர்.

அதனால் இப்போதெல்லாம் யாராவது, "எங்க ஆபீஸ்ல சண்டையே கிடையாதுங்க," என்று பெருமையாகச் சொன்னால், நான் ஒன்றுதான் கேட்பது:

"அங்க யாருங்க வாய மூடிக்கிட்டு இருக்கறது?"