தொண்ணூற்றொன்பது காட்டிய வெந்நீர்ப் பெட்டி

எங்கள் வீட்டில் எண்களைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு எண் என்றால் கொண்டாட்டம். அதிலும் மாமாவுக்கு. யாங்கூனில் இரண்டு இலக்கம் எங்கே தென்பட்டாலும், பஸ்ஸின் முதுகிலோ கனவிலோ, உடனே தெருமுனைக்கு ஓடிப்போய் அதை லாட்டரியில் கட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. மாமா அந்த ரகம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி பிரசவத்துக்காகத் தாகேதாவில் இருந்த தன் வீட்டிலிருந்து, அதே ஊரின் போட்டாதாங் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பிள்ளை பெற்றவள் தினமும் நல்ல வெந்நீரில் குளிக்க வேண்டும், குளித்த தலையைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்த வேண்டும், காற்று மட்டும் மேலே படவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாங்கள் இருந்ததோ மூன்றாம் மாடி. கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். அவ்வளவு வெந்நீருக்கு எங்கே போவது?

மாமா போனார். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களைக் குவித்து விற்கிற கடையிலிருந்து ஒரு கேஸ் ஹீட்டரைத் தோளில் சுமந்து வந்தார். வெள்ளைப் பெட்டி. அந்த நாட்டு மின்சாரத்துக்குப் பழகியது என்பதால் கூடவே ஒரு டிரான்ஸ்பார்மர். பெட்டியைக் குளியலறைச் சுவரில் மாட்டி, அதன் புகைக்குழாயை ஜன்னல் வழியே பின்சந்துப் பக்கம் நீட்டினார். வெந்நீர் எத்தனை டிகிரி என்று எண்ணில் காட்டும் பலகை மட்டும் வெளியே, குளியலறை வாசலுக்கு எதிரே, சமையலறைச் சுவரில்.

அம்மாவுக்குச் சந்தேகம். "ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டேண்டா."

"எதுக்குக்கா? அவன் வந்தாலும் நான் பாத்த வீடியோவத்தான் பாப்பான்."

பெட்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. எனக்குப் படிக்க முடிந்தது எண்கள் மட்டும். விடுவேனா? ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நாள் பலகையில் 11 மின்னியது, தண்ணீர் ஆறிப்போனது. மாமா அந்தக் குட்டிச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், காலி. அடுத்த முறை 11 வந்ததும் அவர் குனிவதற்கு முன்பே நான் கத்தினேன், "கேஸ் காலி!" அப்படியே இருந்தது. '11 = கேஸ் இல்லை' என்று எழுதிக் கோடு போட்டேன். மருமகள் எஞ்சினியர் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொன்ன மாமா, கையோடு பதினொன்றையும் லாட்டரியில் கட்டினார். விழவில்லை.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் அடைமழை. குளியலறை ஜன்னல் இடுக்கில் காற்று சீறியது.

"பழைய துணிய எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் அடைச்சிட்டு வாடி," என்றாள் அம்மா. "ஊசி போற எடம்கூட இருக்கப்படாது."

ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை. இடுக்குகளை அடைத்தேன். பிறகு பின்பக்க பால்கனியில் முக்காலி போட்டு ஏறி வெளிப்பக்கத்தையும் பார்த்தேன். அங்கே எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. குழாயின் வாய். அம்மா இடுப்பில் சுற்றுகிற, ஊதாப்பூப் போட்ட பழைய பர்மா லோஞ்சியைச் சுருட்டி, அதற்குள் கை போகிற மட்டும் திணித்தேன்.

மறுநாள் காலை பலகையில் 99 மின்னியது.

மாமா ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பெட்டிக்குள் தீ பற்றியது, வெந்நீர் வந்தது. சற்று நேரத்தில் மறுபடி 99. மறுபடி அணைத்துப் போட்டார். "பழகுற வரைக்கும் அப்படித்தான்," என்றார். நோட்டில் '99 = ?' என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறிதான் என்னைத் தூங்கவிடவில்லை. பலகையில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் அது எங்கே போகும்? போவதற்கு எண்ணே இல்லையே! அதுவும் சித்தி உள்ளே இருக்கும்போது மட்டும்தான் அது வந்தது. உள்ளே இருப்பது யார் என்று பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

சித்திக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாப்பிட்டது நிற்கவில்லை. "பச்ச ஒடம்பு, கிறுகிறுக்கத்தான் செய்யும்," என்று அம்மா இஞ்சியைத் தட்டினாள்.

மூன்றாம் நாள் நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் பயப்படுவது சித்திக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள்.

"சித்தி, நாப்பத்திரண்டு!"

"இருக்கேண்டி."

"சித்தி, தொண்ணூத்தொம்பது!"

"இருக்கேன்... மாமாவக் கூப்பிடு."

மாமா வந்து ஸ்விட்சை அணைத்துப் போட்டார். மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டினால் அது சும்மா இல்லை என்று சொல்லிவிட்டு, லாட்டரிக்காரியைப் பிடிக்கக் கீழே இறங்கினார். அம்மா முன்னறையில் சாம்பிராணிக்குக் கங்கு ஊதிக்கொண்டிருந்தாள். பலகையில் மீண்டும் 99.

"சித்தி, தொண்ணூத்தொம்பது!"

தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"சித்தி?"

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆனால் தலை உலர்வதற்கு முன் அதைத் திறந்தால் காற்றுப் படும், காற்றுப் பட்டால் சித்திக்கு ஜன்னி வரும், வந்தால் பிழைக்க மாட்டாள். அம்மா சொல்லியிருந்தாள். திறந்தாலும் சாவாள், திறக்காவிட்டாலும் ஏதோ நடக்கிறது. மடியில் குழந்தை வேறு. குழந்தையைத் தரையில் கிடத்தியதும் அது வீறிட்டது. அந்த அழுகைக்கும் உள்ளேயிருந்து குரல் வரவில்லை. கதவைத் தள்ளினேன்.

சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாயடியில் தூங்குகிறவள் மாதிரி. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

நான் கத்தியது கீழே தெரு வரைக்கும் கேட்டதாம். அம்மா தன் சட்டத்தையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுச் சித்தியை முன்பக்க பால்கனிக்கு இழுத்துப் போனாள். மழைக் காற்று முகத்தில் அடிக்க அடிக்கத்தான் சித்திக்கு நினைவு வந்தது. மாமா பாதிப் படியிலிருந்து ஓடிவந்து டாக்சி பிடித்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

சித்தி திரும்பி வந்த அன்று, மாமா ஒருவழியாக மெக்கானிக்கை அழைத்து வந்தார். ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்த பர்மாக்காரர். செய்தி கேட்டுத் தாகேதாவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் பக்கத்தில் நின்றார். மெக்கானிக் பலகையைப் பார்த்தார், பால்கனிக்குப் போனார், குழாய்க்குள் கையை விட்டு, கருகிப்போன ஊதாப்பூ லோஞ்சியை உருவி எடுத்தார்.

"பதினொன்று என்றால் எனக்குத் தீப்பிடிக்கவில்லை என்று அது சொல்கிறது," என்றார் பர்மியத்தில். "தொண்ணூற்றொன்பது என்றால் புகை போக வழியில்லை, வீட்டுக்குள் விஷம் வருகிறது, அணைந்துகொள்கிறேன் என்கிறது. நீங்கள் எழுப்பி எழுப்பி விட்டிருக்கிறீர்கள்." லோஞ்சியை எங்கள் முன் தூக்கிக் காட்டினார். "யார் இதை வைத்தது?"

வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான். வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றாள் அம்மா.

"இல்லம்மா, அது நா..."

"பெரியவங்க பேசுறப்ப என்னடி? போய்ப் பாப்பாவப் பாரு." என் பிடரியில் அவள் விரல்கள் அழுந்தின. வலித்தது.

சித்தப்பா சித்தியின் துணிமணிகளைப் பையில் அடைக்கத் தொடங்கினார். அன்று மத்தியானமே சித்தியையும் குழந்தையையும் தாகேதாவுக்கு அழைத்துப் போனார். பதினாறாம் நாள் தொட்டில் போட்டபோது மாமாவும் நானும் மட்டும் போனோம். தனக்குக் கால்வலி என்றாள் அம்மா. அந்தக் கால்வலி அடுத்த இரண்டு தீபாவளிக்கும் இருந்தது. சித்தப்பா வீட்டார் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை.

தொட்டில் போட்டுவிட்டு வந்த அன்று நோட்டை எடுத்து, கேள்விக்குறியை அழித்துவிட்டு எழுதினேன்: '99 = குழாயில் துணி. வைத்தது நான்.' அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். ரப்பரை எடுத்து, கடைசி வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு, தன் கோணல் எழுத்தில் 'அம்மா' என்று போட்டாள்.

போன வாரம்தானே நடந்தது, அதற்குள் எப்படி மறந்துபோனாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.