திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி

அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தவர், மாவனல்லையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சட்டைப் பையில் அடங்குகிற அளவு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களுக்காக அச்சடித்தது. இங்கிலீஷில் ஒரு வரி, பக்கத்திலேயே அதற்கு டாரி மொழியில் ஒரு வரி.

"அரபி வூடு இல்ல தங்கச்சி. ஆப்கான் குடும்பம், துபாய்ல ஈக்கிறாங்க. அவங்கட உம்மாவப் பாக்கத்தான் ஆள் வேணும். உம்மாக்கு டாரி மட்டுந்தான் தெரியும். மகள் உங்களோட போன்ல பேசிப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க" என்றார்.

என் மகள் ஏ.எல். பரீட்சை முடித்து, கொழும்பில் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கி வைத்திருந்தாள். நான் துபாய் போனால் அவள் படிப்பாள். போகாவிட்டால் என்னோடு அவளும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், வந்து பேர் கொடுத்து நிற்பாள். வேறு வழி எதுவும் எங்களுக்கு இல்லை. மகளின் அப்பா எங்கேயோ இருக்கிறார். அவரைப் பற்றி எழுதி மையை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுவது என் வேலை, இருப்பு அங்கேயே லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். மகள் அந்த டாரி வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித் தந்தாள். புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய், மரத்துக்கு ஒரு வசனம் என்று மனப்பாடம் செய்தேன். ஜன்னலோர ஸீட் கிடைக்குமா? பட்டையில் கத்தியை இழுப்பேன். இந்தக் கம்பளம் கையால் நெய்ததா? பால் பிடிக்கும் சிரட்டையை நேராக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். மியூசியம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? பக்கத்து வரிசையில் வெட்டுகிறவள், "என்னாக்கா, மரத்துக்கு மந்திரம் ஓதுறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தப் புத்தகத்தை எழுதினவர் பிறந்ததிலிருந்து ஒரு கோப்பை கழுவியிருக்க மாட்டார். விளக்குமாறு எங்கே, கை சுட்டுவிட்டது, இன்றைக்கு எனக்கு முடியவில்லை, நான் வீட்டுக்குப் போக வேண்டும் – இதில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் எங்கள் பாட்டன்மாரிடம் வேலை வாங்குவதற்கும் இப்படிச் சின்னப் புத்தகம் வைத்துத்தான் தமிழ் படித்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முழுக்க அதட்டல் என்றால் இது முழுக்க ஷாப்பிங். வேலை செய்கிறவளுக்கு இரண்டிலும் வாய் கிடையாது.

ஆனால் இரண்டாம் பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அது நலம் விசாரிக்கிற பக்கம். எப்படி இருக்கிறீர்கள், உடம்பு சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று மூச்சு விடாமல் கேட்பார்களாம். வேலையில் இருப்பவரைக் கண்டால் "மாந்தா நபாஷேன்" என்பார்களாம். களைக்காமல் இருங்கள் என்று அர்த்தம். இத்தனை தலைமுறையாக இந்த மலையில் பால் வெட்டுகிறோம், எங்களைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை யார் சொன்னது?

பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. மகள் அதை வாசித்துச் சொன்னாள். "அவுங்க விசாரிச்சா நீங்களும் ஒடனே திருப்பி விசாரிக்கணுமாம்மா. இல்லாட்டி மரியாத இல்லாதவங்கன்னு நெனைப்பாங்களாம்." சரி என்று அதையும் பாடம் பண்ணினேன். கடைசி வாரம் தூக்கத்தில்கூட என்னால் சொல்ல முடிந்தது.

நானாவின் ஆபிசில் உம்மாவின் மகள், துபாய் வீட்டுக்கார அம்மா, போனில் முகம் காட்டியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "இருங்க தங்கச்சி, இருந்தே பேசுங்க" என்றார் நானா. என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் தோட்டத்து மேனேஜர்தான் இப்போது தொரை. தொரை பேசினால் தலைத்துண்டை இறக்கி, ஓரமாக நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தொரையிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பெரட்டுக் களத்தில் நின்று நின்றே வந்தது.

அந்த அம்மா சிரித்த முகத்தோடுதான் டாரியில் ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறாயா? "பலே" என்றேன், ஆமாம் என்று. உடம்பு சுகமா? "பலே, தஷக்குர்", ஆமாம், நன்றி என்று. வீட்டில் எல்லாரும் சுகமா? "பலே, தஷக்குர்." எல்லாமே புரிந்தது. ஒரு பிழை விடவில்லை. அதன் பிறகு அவர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி வரும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் சிரிப்பு மெல்ல அடங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை.

பிறகு அவர் நானாவோடு ஹிந்தியில் பேசிவிட்டு போனை வைத்துவிட்டார்.

"என்ன தங்கச்சி நீங்க! அவங்கட உம்மா சொகமான்னு ஒரு வார்த்த கேக்கப்படாதா? இந்தப் புள்ளைக்கி எரக்கமே இல்ல, என்ட உம்மாவ இவள்ட கைல எப்பிடிக் குடுக்கியன்னு கேக்கிறாங்க."

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வியை டாரியில் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி வந்தது. என் வாயைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அந்த அம்மாமீது எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. பெற்ற தாயை யாரிடம் விடுவது என்று பார்த்திருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

நர்ஸ் படிப்புக்கு வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போனது. அடுத்த மாதம் என் மகள் பெரட்டில் பேர் கொடுத்தாள்.

முதல் நாள் காலையில் தொரை வந்திருந்தார். "புதுசா? எந்த லயம்?" என்று அவளிடம் கேட்டார். என் மகள் தலைத்துண்டை இறக்கினாள். தரையைப் பார்த்தாள். "ஆமாங்க தொரை. மேட்டு லயங்க தொரை." அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையை விட்டு வெளியே வந்தேன். "தொரை, நீங்க நல்லா இருக்கீங்களா? ஒடம்புக்குச் சொகமா? வீட்டுல எல்லாரும் சொகமா?"

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சும்மா இருங்கம்மா."

தொரை என்னைப் பார்க்கவில்லை. கங்காணியின் பக்கம் திரும்பி, சிங்களத்தில், "மேகிட்ட பிஸ்ஸுத?" என்றார். இவளுக்கென்ன பைத்தியமா என்று. கங்காணி சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் போக விரும்பாத உச்சி மலையில் வேலை கொடுத்தார்கள்.

தொரையின் வீட்டில் எல்லாரும் சுகமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.