சந்திரமௌலி வேனைத் திறந்த கதை

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் மூன்று தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம் சந்திரமௌலியுடையது. நாற்பத்தாறு வயது, நல்ல பாரியான உடம்பு. பொங்கலுக்கு மிளகு எவ்வளவு, புளியோதரைக்கு வெந்தயம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மெஷின் என்றால் அவருக்குக் கிலி. வீட்டில் மிக்ஸியை அவர் மனைவி காமுதான் போடுவாள். இவர் அடுக்களை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "போதும், போதும், நிறுத்து, புகை வரது" என்பார். புகையெல்லாம் ஒன்றும் வராது.

அப்பேர்ப்பட்டவர் 2004ஆம் வருஷம் சித்திரையில் ஒரு வேன் வாங்கினார். வெளியூர்க் கல்யாணங்களுக்குச் சமைக்கக் கூப்பிடும்போது அண்டாவையும் கரண்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மாளவில்லை. அரக்கோணத்தில் ஒருவர் தம் பழைய வெள்ளை வேனை விற்றார். ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. கற்றுக்கொண்ட பிறகும் மலைப்பாதையில் அவர் ஏறுகிற வேகத்தைப் பார்த்து, நடந்து போகிறவர்கள் நின்று வழிவிட்டு, அலுத்துப்போய், அவருக்கு முன்னால் போய்விடுவார்கள்.

அந்த வேனில் அவரை மயக்கியது என்ஜினும் இல்லை, சீட்டும் இல்லை. சாவியோடு தொங்கிய ரிமோட். கறுப்பாக, வெல்ல அச்சு மாதிரி, இரண்டு பொத்தான். பழைய சொந்தக்காரர் எங்கேயோ கொடுத்துப் பொருத்தியிருந்தார். ஒன்றை அமுக்கினால் வேன் "கீக்" என்று ஒரு தரம் கத்திக் கதவெல்லாம் பூட்டிக்கொள்ளும். மற்றதை அமுக்கினால் "கீக் கீக்" என்று இரண்டு தரம் கத்தித் திறந்துகொண்டு, விளக்கையும் சிமிட்டும். பிறந்தது முதல் சந்திரமௌலி சொன்ன பேச்சை உடனே, எதிர்த்துப் பேசாமல் கேட்ட முதல் ஜீவன் அதுதான்.

காரணமே இல்லாமல் பூட்டுவார், திறப்பார். சாப்பிட்டுக் கை கழுவப் போகிற வழியில் ஒரு தரம் பூட்டித் திறந்துவிட்டுப் போவார்.

"ஏன்னா, அது என்ன கிளியா? ஓயாம கூப்பிட்டுண்டே இருக்கேளே" என்றாள் காமு.

"பதில் சொல்றதுடீ" என்றார் அவர், கண்கள் மின்ன.

சமைக்கும்போதும் ரிமோட்டைப் பிரிய மனமில்லாமல் இடுப்பில் செருகிக்கொள்வார். ஆவணி பிறந்தபோது அது தகராறு செய்ய ஆரம்பித்தது. ஐந்து தரம் அமுக்கினால் ஒரு தரம் கேட்கும். அப்புறம் பத்துக்கு ஒன்று. சாவியைப் போட்டுத் திறக்கலாமே என்றால் அங்கேதான் வினை. ரிமோட்டால் பூட்டிய வேனைச் சாவியால் திறந்தால், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து அது ஊரைக் கூட்டும். வண்டியும் கிளம்பாது. ஒரு நாள் காலையில் அப்படித் திறக்கப்போய், அக்கிரகாரமே வாசலுக்கு வந்து நின்றது. சந்திரமௌலி தன் வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் பேட்டரி மாற்றினார். சுண்டுவிரல் நுனி அளவு பேட்டரி. இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. அப்போதுதான் மலையடிவாரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிற பச்சையப்பன் ஒரு யோசனை சொன்னான்.

"சாமி, ரிமோட்ட தாடைக்குக் கீழ வச்சிக்கினு அமுக்குங்க. வாய நல்லாத் தொறந்துக்கினு."

"வாயை எதுக்குப்பா திறக்கணும்?"

"மண்ட ஏரியல் மாதிரி வேல செய்யும் சாமி. ரொம்ப தூரம் போவும். ஒரு மெட்ராஸ் டிரைவரு சொல்லிக் குடுத்தான். தலையில சரக்கு இருக்கிறவங்களுக்கு இன்னும் நல்லாப் போவுமாம்."

சந்திரமௌலி தாடைக்குக் கீழே வைத்து, வாயைத் திறந்து அமுக்கினார். கீக் கீக்! வாய் திறந்தபடியே இருந்தது. ஓர் அடி பின்னால் போய் அமுக்கினார். கேட்டது. இன்னும் பின்னால் போனார். பதினெட்டு அடி வரைக்கும் கேட்டது. பச்சையப்பன் வாங்கித் தன் தாடைக்குக் கீழே வைத்து முப்பது அடியில் திறந்துவிட்டான். சந்திரமௌலிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "காலம்பற ஒண்ணும் சாப்பிடலை, அதான்" என்றார்.

அதற்கப்புறம் மலைமேல் தினமும் நடந்தது இது: மதிய நைவேத்தியம் முடிந்து, நெற்றி நிறைய விபூதியோடு சந்திரமௌலி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வருவார். வேன் கோபுரத்துப் பக்கமாக நிற்கும். அதைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, வாயைத் திறந்து, சாவியைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கண்ணை மூடினால் இரண்டடி கூடுதலாகப் போகிறது என்பது அவரே கண்டுபிடித்தது.

பள்ளிப்பட்டிலிருந்து புது வண்டிக்குப் பூஜை போட வந்த நாலு பேர் இதைப் பார்த்தார்கள். கோயில் சாமியே செய்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று அவர்களும் கோபுரத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். இரண்டே வாரத்தில், வண்டியோடு மலையேறுகிறவர்களில் பாதிப் பேர் சாவியைத் தாடையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டி.வி.எஸ். ஐம்பதில் வந்தவர்கூட வைத்தார்.

ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "சாமி, எத்தினி தபா அமுக்கணும்?"

சந்திரமௌலி உள்ளதைச் சொன்னார்: "திறக்கற வரைக்கும்."

கேட்டவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஒரு முகூர்த்த நாள் மதியம் தாடையும் கைவிட்டது. அரை மணி நேரம் வாயைத் திறந்து நின்றும் வேன் மூச்சுவிடவில்லை. தாடை மட்டும் இறுகிப்போய், மூட முடியாமல் கையால் தள்ளி மூடிக்கொண்டார். கோயில் வாசல் டெலிபோன் பூத்திலிருந்து பஸ் நிலையத்தருகே கடை வைத்திருக்கும் ஃபக்ருதீனுக்குப் போன் போட்டார்.

ஃபக்ருதீன் டார்ச், ரேடியோ, டி.வி. ரிமோட் எல்லாம் பழுது பார்ப்பவர். ஒல்லியான ஆள், நிதானமானவர். டூல்ஸ் பையோடு மலைக்கு வந்து, வேன் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டின் திருகைக் கழற்றிப் பிளந்தார். பிளந்ததை முகர்ந்து பார்த்தார்.

"சாமி, இதுல என்னா வச்சிருந்தீங்க?"

"என்ன வைக்கறது? சும்மா இடுப்புல வச்சிண்டிருந்தேன்."

ஃபக்ருதீன் உள்ளே காட்டினார். நெய். உறைந்து வெண்ணெய் மாதிரி நின்றது. அதில் இரண்டு மிளகு, கொஞ்சம் சீரகம். பொத்தானுக்கு அடியில், யாரோ அளவெடுத்துப் பொருத்தியதுபோல ஒரு முந்திரித் துண்டு.

"ரிமோட் கெட்டுப்போவல சாமி. பொங்கலாயிடிச்சி."

சந்திரமௌலி தலையைக் குனிந்துகொண்டார். அந்த முந்திரி பொன்னிறமாக நன்றாக வறுபட்டிருந்ததையும் அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஃபக்ருதீன் பஞ்சில் பெட்ரோல் தொட்டு நெய்யை வழித்தார். பேட்டரி தொடுகிற தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அமுக்கினார். ரிமோட்டில் சிவப்புப் புள்ளி எரிந்தது. வேன் சும்மா இருந்தது. "வெளக்கு எரியுது, சேதி போவல. நெய்ச் சூட்டுல உள்ள ஏதோ செத்துப்போச்சி" என்று சொல்லி, பையிலிருந்து அதே ஜாதி வேறு ரிமோட் ஒன்றை எடுத்தார்.

"புதுசு. ஆனா வேனுக்கு இது யாருன்னு தெரியாது. சொல்லிக் குடுக்கணும். டேஷ்போர்டுக்கு அடியில ஒரு டப்பா கீது. அதுல பட்டன அமுக்கினா பத்து செகண்டு காது குடுத்துக் கேக்கும். அந்நேரம் எந்த ரிமோட்டு பேசுதோ அதுதான் எஜமான்."

சாவியால் கதவைத் திறந்ததும் சைரன் அலறியது. ஃபக்ருதீன் சைரன் ஒயரைப் பிடுங்கினார். தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து டப்பாவின் பட்டனை அமுக்கிவிட்டு, புது ரிமோட்டைத் தேடினார். அது அவர் உட்கார்ந்த இடத்துக்கு அடியில் போயிருந்தது. அதை உருவி எடுப்பதற்குள் டப்பா விளக்கு மூன்று தரம் மின்னியது.

"கத்துக்கிச்சி!" என்றார் ஃபக்ருதீன் சந்தோஷமாக. அப்புறம்தான், தான் இன்னும் அமுக்கவே இல்லை என்பது உறைத்தது. அமுக்கினார். ஒன்றும் இல்லை. சந்திரமௌலி வாங்கித் தாடையில் வைத்து அமுக்கினார். அதுவும் இல்லை.

"இந்த ரிமோட்டும் டூப்ளிகேட் போல. கடையில இன்னொண்ணு கீது. போய் எடுத்துக்கினு வரேன். நீங்க கதவக் கையாலயே பூட்டிட்டு வேலையப் பாருங்க சாமி."

சைரன் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார். சந்திரமௌலி உள்பக்கக் குமிழ்களைத் தட்டிக் கதவுகளைப் பூட்டி, மடைப்பள்ளிக்குப் போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், வேனுக்குள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று தலை புதிதாக மொட்டை அடித்துச் சந்தனம் பூசியது. எல்லார் கையிலும் வாழை இலைத் துண்டு. காமுவுக்காக அவர் எடுத்து வைத்திருந்த புளியோதரைப் பொட்டலம் நடுவில் திறந்து கிடந்தது.

"யாருங்க நீங்க?" என்றார் சந்திரமௌலி, குரல் கிறீச்சிட.

முன்சீட்டிலிருந்த பெரிய மொட்டை நிதானமாகத் திரும்பியது. "நாங்க ஆந்திராப் பக்கம் புத்தூரு. என் பேரு பங்காரு. பேரனுக்கு மொட்ட அடிச்சி காது குத்த வந்தோம். நீங்க யாரு சாமி?"

"இது என் வேன்!"

"உங்க வேனா?" பங்காரு சிரித்தார். தம் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். கீக்! கதவெல்லாம் பூட்டிக்கொண்டன. மறுபடி அமுக்கினார். கீக் கீக்! "என் பேச்சக் கேக்குது பாருங்க. இப்ப நீங்க அமுக்குங்க பாக்கலாம்."

சந்திரமௌலி அமுக்கினார். வேன் அசையவில்லை. தாடையில் வைத்தார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். உள்ளே இருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

அவருக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. நம்பர் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னாடி என் அண்டா இருக்கு! என் கரண்டி இருக்கு! நீங்க தின்னுண்டிருக்கறது என் புளியோதரை!"

"நானும் அப்பவே கேட்டேன், இது எப்ப வாங்கினதுன்னு" என்றாள் பங்காருவின் மனைவி. "இவருதான், யாரோ வாங்கியிருப்பாங்க, சாப்பிடுன்னாரு."

"அப்ப நம்ம வண்டி எங்க நைனா?" என்றாள் பங்காருவின் மகள் ஸ்னேகா.

ஏழு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வண்டி தள்ளி, அச்சு அசலாக இன்னொரு வெள்ளை வேன் நின்றது. கதவு திறந்து, இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பங்காரு அமுக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்துதான் கத்தியிருக்கிறது. ஆனால் எதிரே கண் சிமிட்டியது சந்திரமௌலியின் வேன்தான்.

அந்நேரம் வந்து சேர்ந்த ஃபக்ருதீன் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பட்டன அமுக்குன அந்தப் பத்து செகண்டுல இவுரு வந்து தன் வண்டியப் பூட்டியிருக்காரு. நம்ம வேன் இவுர எஜமான்னு நெனச்சிக்கிச்சி."

"மன்னிச்சிடுங்க சாமி" என்றார் பங்காரு, வேனிலிருந்து இறங்கிக் கைகூப்பி. இலைத் துண்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

இந்தத் தடவை ஃபக்ருதீன் துணிந்து ஒரு காரியம் செய்தார். சந்திரமௌலியிடம் ஒரு தாம்பாளம் வாங்கி, வண்டி நிறுத்துகிற இடம் முழுக்க ஒரு சுற்று வந்தார். "எல்லாரும் ரிமோட்ட இதுல வைங்க. ரெண்டே நிமிஷம். யாரும் எதையும் அமுக்கக் கூடாது." கோயில் காரியம் போலிருக்கிறது என்று ஜனங்கள் மறுபேச்சுப் பேசாமல் வைத்தார்கள். ரிமோட் இல்லாதவர்கள் வெறும் சாவியை வைத்தார்கள். ஒரு அம்மாள் வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தாம்பாளத்தைப் பங்காருவின் மடியில் வைத்து உட்காரவைத்துவிட்டு, ஃபக்ருதீன் டேஷ்போர்டுக்கு அடியில் போனார். டப்பாவின் பட்டனை விளக்கு அணைகிறவரை அழுத்திப் பிடித்து, வேன் கற்றுக்கொண்டதையெல்லாம் மறக்கடித்தார். பிறகு ஒரு தரம் தட்டினார்.

"அமுக்குங்க சாமி!"

சந்திரமௌலி அமுக்கினார். சும்மா, கையிலேயே வைத்துக்கொண்டு. விளக்கு மூன்று தரம் மின்னியது. இன்னொரு தரம் அமுக்கினார்.

கீக் கீக்!

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "அரோகரா" என்றார்கள். முதலில் கொண்டுவந்த ரிமோட்டே நல்லதுதான் என்பது தெரிந்ததும், ஃபக்ருதீன் இரண்டாவதைப் பையில் போட்டுக்கொண்டு, "நாஷ்டாகூட இல்லாம ரெண்டு தபா மல ஏறினேன்" என்றார். சந்திரமௌலி அவரை மடைப்பள்ளி வாசலில் உட்காரவைத்து, இலை நிறையப் பொங்கல் போட்டார்.

பங்காரு கிளம்பும்போது சந்திரமௌலியைத் தனியே அழைத்தார். "சாமி, அந்தப் புளியோதர உங்க கையாலதானா?"

"நான் பண்ணினதுதான்."

"தை மாசம் ஸ்னேகாவுக்குக் கல்யாணம். சமையலுக்கு ஆள் தேடிக்கினு இருந்தோம். நீங்க வந்துடணும். முடியாதுன்னு சொல்லாதீங்க."

தையில் சந்திரமௌலி காமுவையும் அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு புத்தூர் போனார். எண்ணூறு பேருக்குச் சமையல். அத்தனை பெரிய விருந்துக்கு அவர் அதுவரை கரண்டி பிடித்ததில்லை. முதல் பந்தி எழுந்ததும் பங்காரு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், சம்பந்தி வீட்டாரிடம் நிறுத்தினார்.

"இவருதான் திருத்தணி சாமி. ரொம்பப் பெரிய மனசு. எங்க குடும்பமே இவரு வேன்ல உக்காந்து இவரு சாப்பாட்டத் தின்னுக்கினு, இவரையே யாருன்னு கேட்டோம். ஒரு வார்த்த திட்டல."

சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் கும்பிட்டார்கள். சந்திரமௌலியும் கும்பிட்டார். அந்த வருஷமே நகரியில் இரண்டு, புத்தூரில் மூன்று கல்யாணம் கிடைத்தது. ஆந்திரப் பக்கத்து விருந்துகளுக்குக் காரம் இன்னும் ஒரு பிடி வேண்டும் என்று காமு கண்டுபிடித்துச் சொன்னாள். அவர் போட மாட்டேன் என்று இரண்டு கல்யாணம் வரை பிடிவாதம் பிடித்து, மூன்றாவதில் போட்டார்.