‘ஊடு’ திறப்பு விழா

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஆவணி மாதத்தில் நடந்தது இது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஓவிய ஆசிரியை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம்; வேலைக்காக இங்கே வந்தவள். வகுப்பு எடுப்பதோடு, வளாகத்துக் கலைக்கூடமும் என் பொறுப்புதான். ஆணி அடிப்பதில் தொடங்கி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்குவது வரைக்கும் எல்லாம் நானே. எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு, பிடிவாதமும் அதற்கேற்ற அளவு உண்டு என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறந்தவுடன் அந்த வருடத்துக்கான நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு அச்சடித்துவிடுவேன். அந்த வருடம் ஆவணியில் சென்னைக் கலைஞர் ஒருவரின் கண்காட்சி, ஐப்பசியில் மாணவர்களின் படைப்புகள், தையில் மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர்களைப் பற்றிய புகைப்படங்கள், பங்குனியில் நாமக்கல் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து எழுத்து எழுதுகிறவர்களை வைத்து ஒரு பட்டறை. நடுநடுவே பேச்சு, குறும்படம். படித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். குறை ஒன்றுதான். யாரும் வரமாட்டார்கள். வருகைப்பதிவு உண்டு என்று மிரட்டினால் மாணவர்கள் வருவார்கள், வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். வேலை கொடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் நேர்காணல் நடத்த இடமில்லாமல் வராந்தாவில் உட்காருகிறார்கள், இவ்வளவு பெரிய கூடத்தைப் பூட்டியே வைத்திருப்பதில் என்ன நியாயம் என்று கேட்டார். ஆவணிக் கண்காட்சிக்குத் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், வெளியாட்கள் யாரும் வரவில்லை என்றால் கலைக்கூடத்தை நேர்காணல் அறையாக மாற்றிவிடப் போவதாகவும் சொன்னார். “வருவாங்க சார், பாருங்க” என்று அடித்துச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யார் வருவார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

சென்னைக் கலைஞர் என்னைவிட வயதில் சின்னப் பெண். குமாரபாளையத்து விசைத்தறிகளில் மிச்சமாகும் நூலை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, கூடத்துக்குள் ஒரு முழு வீட்டையே நூலால் கட்டியிருந்தாள். சுவர், வாசல், உள்ளறைகள் எல்லாமே இழுத்துக் கட்டிய நூல்தான். குனிந்து உள்ளே போய்ச் சுற்றி வரலாம். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடு அல்லவா? அந்த ‘ஊடு’தான் கண்காட்சியின் பெயர். சின்னப் பெயர், அழகான பெயர் என்று நானும் தலையாட்டினேன்.

வழக்கமாக ஆங்கிலத்தில் வழுவழு அட்டையில் அழைப்பிதழ் அடிப்போம். அதை இந்த முறை மாற்றினேன். தமிழில் அடித்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன். திருச்செங்கோட்டில் ஓர் அச்சகத்துக்கு வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்தான் பிழைப்பு. அட்டை வந்தபோது மேலே பிள்ளையார், நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் கொட்டை எழுத்தில் ‘ஊடு’, அதன் கீழே ‘திறப்பு விழா’. தாங்கள் தங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும் என்ற வரியையும் அவர்களாகவே சேர்த்திருந்தார்கள். பிள்ளையார் எதற்கு என்று போனில் கேட்டதற்கு, விசேசப் பத்திரிக்கையில் பிள்ளையார் இல்லாமல் எப்படிங்க என்று பதில் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

நானும் அந்தப் பெண்ணும் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனோம். முதலில் போனது ஒரு கோழிப்பண்ணைக்கார அம்மாவின் வீட்டுக்கு. அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உட்காரவைத்து மோர் கொடுத்தார். புதுசுங்களா என்று கேட்டார். ஆமாம், இப்போதுதான் கட்டி முடித்தோம் என்றேன். பெரிசுங்களா என்றார். பெரிசுதான், உள்ளே நடந்தே சுற்றிப் பார்க்கலாம் என்றேன். யுனிவர்சிட்டிக்குள்ளேயே கட்டியிருக்கிறீர்களா என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம், அவர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். எல்லா வீட்டிலும் இதே கேள்விகள், இதே உபசாரம். கலையின் மேல் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தப் பக்கத்துப் பேச்சில் வீட்டை ஊடு என்பார்கள். வந்த நாளிலிருந்து தினமும் என் காதில் விழுகிற சொல். ஊட்டுக்குப் போறேன், ஊட்டுல இருக்குறாங்க என்று மாணவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்தான் நான். ஆனாலும் அச்சில் பார்த்தபோது எனக்குத் தறிதான் தெரிந்தது. அவர்களுக்கு வீடு தெரிந்தது. போதாக்குறைக்கு, நாங்கள் விடுமுறையாயிற்றே என்று தேர்ந்தெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டது.

அன்று காலையில் நான் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிகள் வந்து நிற்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், இரண்டு மினி லாரிகளிலிருந்து பட்டுச்சேலைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஆளுக்கொரு தட்டு. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ. ஒருவர் கையில் வண்ணத்தாள் சுற்றிய சுவர்க்கடிகாரம், இன்னொருவர் இடுப்பில் புத்தம்புது எவர்சில்வர் குடம். கடைசியாக ஒரு பெரியவர், நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்த பசுவையும் கன்றையும் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார். கோழிப்பண்ணை அம்மா முன்னால் வந்து என் கையில் தட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, பாலு காய்ச்சியாச்சுங்களா?”

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பதிவாளர் வர அரைமணி நேரம்கூட இல்லை. அவர் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? கலைக்கூடத்தில் கிரகப்பிரவேசம் நடத்துகிறேன் என்று சிரிப்பார், சாவியை வாங்கிக்கொள்வார், அத்தோடு வருடத்து நிகழ்ச்சிகள் அத்தனையும் குப்பைக்குப் போகும். உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்து, இது வீடில்லை, கண்காட்சி என்று சொல்லத் தொடங்கினேன். நூல், தறி, ஊடு, பாவு என்று நான் விளக்க விளக்க அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் துளியும் இல்லை.

“அதனால என்னங்க. பத்திரிக்கை வெச்சுக் கூப்புட்டீங்க, வந்துட்டோம். ஊட்டக் காட்டுங்க, பாத்துட்டுப் போறோம்.”

எனக்கு அந்த நிமிடம் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. வருவார்கள் என்று சொன்னேன், வந்துவிட்டார்கள். இனி யாருக்கு என்ன பயம்? ஆசிரியர் அறை இண்டக்‌ஷன் அடுப்பில் பால் வைக்கச் சொன்னேன். பசு மட்டும் வாசலோடு நிற்கட்டும், உள்ளே நூல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். பெரியவர் நியாயம்தான் என்றார். செருப்பை எல்லாரும் அவர்களாகவே படிக்குக் கீழே விட்டார்கள். விளக்கேற்றி உள்ளே அழைத்துப் போனேன்.

புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று இவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒரு மூலை விடவில்லை. வாசற்கால் எந்தத் திசை பார்க்கிறது என்று விசாரித்தார்கள். தெற்கு என்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். சமையல்கட்டு எது, சாமி அறை எது என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. கன்னி மூலையை இப்படிக் காலியாக விடலாமா என்று அந்தச் சென்னைப் பெண்ணிடம் ஓர் அக்கா சண்டைக்கே போய்விட்டார். அவள் கோபப்படவில்லை, பை நிறைய நூலை எடுத்துவந்து, எப்படி இருக்கலாம் என்று கேட்டுக் கேட்டு அங்கேயே கட்டத் தொடங்கிவிட்டாள். தன் வேலைக்குள் இவ்வளவு நேரம் யாரும் நின்றதே இல்லை என்று என் காதோடு சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பதிவாளரின் கார் வந்து நின்ற அதே நேரத்தில்தான் பசு கிரானைட் படியில் நின்று தாராளமாகக் கோமியம் விட்டது. நல்ல சகுனம், நல்ல சகுனம் என்று வாசலில் நின்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவர் படியையும் பார்த்தார், பசுவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இது என்ன மேடம் என்றார். அழைப்பிதழ் பார்த்து வந்த விருந்தினர்கள் சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் வழுக்காமல் ஓரமாகக் கால் வைத்து உள்ளே வந்தார். கூடம் நிறைய ஆட்கள். நூல் வீட்டின் உள்ளறையில் கோழிப்பண்ணை அம்மா மட்டும் தனியாக, பேசாமல் நின்றுகொண்டிருந்தார். பதிவாளர் நேரே அவரிடம் போய், உங்களுக்கு இதில் என்ன புரிகிறது என்று கேட்டார். வம்புக்குக் கேட்டாரா, அக்கறையில் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“எங்கூடு கட்டறதுக்கு முளைக்குச்சி அடிச்சு நூல் கட்டியிருந்துதுங்க. இது சமையக்கட்டு, இது நம்ம ரூமுன்னு எங்கூட்டுக்காரரு நூலுக்குள்ள நின்னு காட்டுனாரு. செவுரு எழுப்பறதுக்குள்ள அவரு போயிட்டாருங்க. நான் அந்த நூல அவுக்கல. மழையில அதுவா அந்து உழுகற வரைக்கும் தெனமும் போயி உள்ள நின்னுட்டு வருவேன். அப்புறம் மாடி வெச்சு மெத்தை ஊடே கட்டிட்டேன், ஆனா அந்த ஊடு வேறீங்க. இன்னைக்குத்தான் மறுக்கா அதுக்குள்ள நிக்கறேன்.”

நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. பதிவாளர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து, குனிந்து அந்த நூல் வீட்டுக்குள் போனார். அவர் எந்த அறையில் நின்றார், என்ன நினைத்தார் என்று நான் பார்க்கப் போகவில்லை. பால் பொங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லோருக்கும் காகித டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம், அவரும் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம், அடுத்த விசேசம் எப்போங்க என்று கேட்டார். பதிவாளர் பக்கத்தில்தான் இருந்தார். ஐப்பசியில் மாணவர்களின் ஓவியங்கள், பிறகு மீன்காரர்களின் படங்கள், லாரி ஓவியப் பட்டறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். லாரிக்கு எங்கள் வீட்டுப் பையனே பெயின்ட் அடிக்கிறான், கூட்டி வருகிறேன் என்றார் குடம் கொண்டுவந்தவர். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். விசேசத்துக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகிற பழக்கம் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நேர்காணல் அறைக்கு வேறு கட்டடம் பார்த்தார்கள். யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. கலைக்கூடத்தின் சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஐப்பசிக் கண்காட்சிக்கு அந்த அம்மா தட்டு இல்லாமல், சாதாரணச் சேலையில், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தார். மாணவர்களின் ஓவியம் ஒன்று கோணலாக மாட்டியிருக்கிறது என்று முதல் வேலையாக என்னைத் திட்டினார். கோணலாகத்தான் இருந்தது.

மக்களுக்கு நவீனக் கலை புரியாது, அதனால்தான் வருவதில்லை என்று எத்தனையோ கருத்தரங்குகளில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது யாராவது அப்படிப் பேசினால், நீங்கள் அவர்கள் வாசலில் போய் நின்று ஒரு தடவையாவது கூப்பிட்டீர்களா என்று எழுந்து கேட்டுவிடுகிறேன். ஏனென்றால் நான் கூப்பிட்டது தப்பான அர்த்தத்தில்தான் போய்ச் சேர்ந்தது; அதற்கே அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்.