பச்சைச் சுவரும் பத்து நாட்களும்

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வண்ண அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பச்சையில் கை நின்றுவிட்டது. நாற்றங்காலின் பச்சை. திண்டுக்கல்லில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த வருடம் குடியிருந்த அறையின் சுவர் அந்த நிறம்தான். விக்டோரியா ராணி காலத்துப் பங்களா ஒன்றின் பின்பக்க அறை அது. அந்தப் பச்சைக்காகவே அதைப் பிடித்தேன். என் கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஐப்பசி மழையில் சுவர் ஊறிப் பூஞ்சை வாடை அடித்தது. எனக்கு ஓயாத தலைவலி. தீபாவளி விடுமுறை தொடங்கிய மாலை, எங்கள் பள்ளியின் வேதியியல் டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். ஐம்பதை நெருங்கியவர், பேகம்பூரில் தனியாக இருந்தார். வகுப்பில் அவர் குரல் உயர்ந்தால் அடுத்த வகுப்பும் அடங்கிவிடும். அன்று அவர் உட்காரவே இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராணி காலத்துல சீமையில பச்சைப் பெயிண்ட்டுல ஆர்சனிக் பாஷாணம் கலப்பாங்கம்மா. சுவத்துல, பிள்ளைக விளையாடுற பொம்மையில, கவுன்ல கூட. ஈரம் பட்டா விஷக்காத்து வரும். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கயா படுக்குற? துணிய எடு, போவோம்."

கரண்டியால் சுவரைச் சுரண்டி, தூளைத் தாளில் மடித்துக்கொண்டார். தீபாவளியோடு மழை விடுமுறையும் சேர்ந்துகொள்ள, பள்ளி ஆய்வகம் திறக்கப் பத்து நாள் ஆனது. அதுவரை பேகம்பூரில் அவர் வீட்டில் இருந்தேன். இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பாயில் படுத்தார். தீபாவளி விடிந்ததும் கிண்ணத்தில் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துவந்தார்.

"உங்க வீட்டுல எப்படித் தேய்ப்பாங்கன்னு தெரியல. சூடு ஜாஸ்தின்னா சொல்லு."

அம்மா போனபிறகு என் தலையில் எண்ணெய் வைத்தவர் யாருமில்லை. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டதென்று பொய் சொன்னேன்.

பள்ளி திறந்த அன்று, அந்தத் தூளை அமிலத்தில் கரைத்து, மருந்து தடவிய தாளைக் குடுவையின் வாயில் வைத்தார். பாஷாணம் இருந்தால் தாள் நிறம் மாறும். மாறவில்லை. மூன்று முறை செய்து பார்த்தார்.

"சும்மா பெயிண்ட்டுதான். உன்னைய வீணா பயமுறுத்திட்டேன்."

அந்தக் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான்.

"அப்ப நான் கிளம்பணுமா டீச்சர்?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் வெகுநேரம் துடைத்தார். "பூஞ்சை வாடை அடிக்குதுல்ல? மழை நிக்கட்டும்."

மழை கார்த்திகையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாசியில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்பே என் கணவர் சொன்னார்: "பேகம்பூர்."