ஆற்றுக்குள் மாட்டிய தோணி

எனக்குக் கல்யாணமானபோது ஒரு சக்களத்தியும் கூடவே வாய்த்தாள். தூத்துக்குடிக் கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்த மரத்தோணிதான் அவள். என் வீட்டுக்காரரின் பூட்டனார் காலத்தில் கட்டியது. அந்தக் காலத்து முத்துக்குளிப்புகளுக்குக் குளியாட்களை ஏற்றிப் போன தோணி என்று ஊரில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் அதில் ஏறி உட்கார்ந்தாராம். அவர் உட்கார்ந்த பலகையை என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

எனக்குக் காட்டவில்லை. பெண்கள் தோணியில் கால் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வைக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாகியிருந்தது. சர்க்கார் ஆட்கள் அவ்வப்போது கடலுக்குப் போய்ச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள், இந்தத் தடவை இல்லை என்று கைவிரிப்பார்கள். அடுத்த வருஷம் கட்டாயம் உண்டு என்று இவர் சொல்லுவார். அதுவரை கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தோம். உலகச் சண்டைக் காலமாதலால் தோணிகளுக்கு நல்ல கிராக்கி. ஆனால் எங்கள் கிழவிக்குப் பாதிச் சரக்குதான் தாங்கும். காலையிலும் மாலையிலும் அடியில் ஊறுகிற தண்ணீரை இறைக்காவிட்டால் முங்கிவிடும். கரையில் இழுத்துப் போட்டாலோ வெயிலில் பலகை காய்ந்து வாய் பிளந்துவிடும். ஆகவே ஒரு நாள்கூட அதைவிட்டு நகர முடியாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இவர் தாலி கட்டி முடிவதற்குள் கிளம்பிவிடுவார், நானும் இலையில் உட்காராமல் பின்னால் ஓடுவேன்.

நான் வாத்தியார் வேலைக்குப் படித்தவள். கயத்தாற்றில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நான் அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். புருஷனைக் கடலோரம் விட்டுவிட்டு ஒரு பெண் தனியாகக் கயத்தாற்றில் குடியிருப்பதை அந்தக் காலத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீடும் கிடைக்காது. இவர் வந்தால்தான் எனக்கு வேலை. தோணி இருக்கிறவரை இவர் வரமாட்டார்.

அந்த வருஷம் மாசியில் தோணியின் அடிப்பலகையில் புழு விழுந்தது. உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைத்துத் தின்கிற புழு. நல்ல தண்ணீரில் கொஞ்ச நாள் போட்டு வைத்தால் செத்துப்போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாகத் தாமிரபரணிக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். பங்குனிக்குள் திரும்பிவிடலாம் என்றார் இவர். ஆற்றங்கரையில் ஓலைக்குடிசை போட்டு என்னையும் கூட்டிப்போனார்.

புழு செத்தது. செத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. அதுவரை துளைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் புழுக்கள்தான். அவை அழுகி விழுந்ததும் பலகை சல்லடையாகிவிட்டது. மேற்கே ஆற்றுத் தண்ணீரையெல்லாம் வயல்களுக்குத் திருப்பிவிட்டதால் ஆறு இளைத்து, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வழி அடைபட்டது. முன்னால் மணல், பின்னால் சேறு, நடுவில் ஓட்டைத் தோணி. கூலியாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது தோணி ஓட்டுகிற தண்டலும் நாங்கள் இருவரும்தான்.

மூன்று பேரும் முறைவைத்துத் தண்ணீர் இறைத்தோம். பொம்பளை ஏறலாமா என்று நான் கேட்டதற்கு, ஆற்றில் நிற்கிற தோணிக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று தண்டல் கூசாமல் சொன்னார். முதல் நாளே கை கொப்பளித்து, நாசமாய்ப்போன தோணி என்று திட்டிவிட்டேன். தண்டலுக்கு முகம் கறுத்துவிட்டது. தோணிக்குள் நின்றுகொண்டு தோணியைக் குறை சொல்லக்கூடாதாம், அது கேட்டுக்கொண்டிருக்குமாம். திட்டுவதென்றால் கீழே இறங்கித் திட்டம்மா என்றார். அன்றிலிருந்து நானும் கரையில் இறங்கி, வாய் வலிக்கத் திட்டிவிட்டு, மறுபடி ஏறி இறைப்பேன்.

சித்திரை போயிற்று, வைகாசியும் பாதி போயிற்று. விடிந்தால் இறைப்பு, அடைந்தால் இறைப்பு. என்னைக் கொண்டுவந்து அந்த மணலுக்குள் புதைத்துவிட்டதுபோல இருந்தது. ஒருநாள் அழுதேபோட்டேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பி, தோணியை வாங்க ஒரு முதலாளியை வரச்சொன்னார்.

முதலாளி வருகிற அன்று விடியும் முன்னரே நானும் தண்டலும் ஏறி அடித்தளம் தெரிய இறைத்தோம். வந்தவர் நல்ல மனுஷர், பழைய தோணிகள் மேல் பிரியம் உள்ளவர். தோணியில் ஏறிக் கலெக்டர் பலகையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். உடனே எடுத்துக்கொள்வதாகவும், வெள்ளம் வந்து வழி திறக்கும்வரை தம் ஆட்களே காவல் இருப்பார்கள் என்றும் சொன்னார். எனக்குக் கயத்தாற்றுப் பள்ளிக்கூட மணிச்சத்தமே கேட்டுவிட்டது. கடைசியாக, தண்ணீர் ரொம்ப ஊறுமோ என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

"கீழ இறங்கிப் பேசுவோமா அண்ணாச்சி" என்றார் இவர்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. கடலில் பிழைக்கிறவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். இருவரும் இறங்கி, மணலில் வெகுதூரம் நடந்துபோய் நின்றார்கள். நானும் ஆத்திரத்தோடு பின்னாலேயே போனேன். அங்கே நின்று இவர் ஒவ்வொரு பலகையாகச் சொன்னார். சரக்கோடு நடுக்கடலில் போனால் ஆட்கள் திரும்ப மாட்டார்கள் என்றார்.

முதலாளி தோணியைத் திரும்பிப் பார்த்தார். கார்த்திகை வெள்ளத்தில் வெளியே எடுத்து அடிப்பலகையை மாற்றினால் தோணி இன்னொரு தலைமுறைக்கு ஓடும், அதுவரை நீங்கள் இறைத்துக் காப்பாற்றினால் அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். இப்போதே விற்பதென்றால் விறகுக்கும் மரத்துக்கும்தான், இங்கேயே உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கார்த்திகை வரை என்றதும் என் பள்ளிக்கூடம் போய்விட்டது என்றே நினைத்தேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒடைச்சே எடுத்துக்கிடுங்க. இவ பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள நாங்க கயத்தாறு போகணும்" என்றார்.

வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கார்த்திகையோடு முடிந்திருக்காது, ஆயுசுக்கும் நான் இறைத்துக்கொண்டிருப்பேன். உடைக்க ஆட்கள் வந்த அன்று தண்டல் ஊருக்குப் போய்விட்டார். இவர் நின்று கடைசிப் பலகை வண்டியில் ஏறும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

கயத்தாற்றில் எனக்கு வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது. நெடுஞ்சாலையில் நாளெல்லாம் வண்டிகள் போகும், எங்கே வேண்டுமானாலும் ஏறிப் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு இவரோடு ஒரு சண்டைகூட என்னால் போட முடியவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று இவர் முகம் சுளித்தாலும் வாயை மூடிக்கொள்வேன். தோணியை வெட்டிக் கொடுத்தவரிடம் என்ன சொல்லி மல்லுக்கு நிற்பது? இவரும் தோணியைப் பற்றி ஒருநாள்கூடப் பேசவில்லை. பேசித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன புதிதில் பலசரக்குக் கடைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் என்னை டீச்சரம்மா என்று வணங்கிவிட்டு, அண்ணாச்சிக்கு என்ன சோலி என்று இவரிடம் கேட்டார்.

"டீச்சரம்மாவுக்கு வீட்டுக்காரன்" என்றார் இவர்.

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். இவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து, பையை இவர் கையில் கொடுத்தேன்.